சொதி இன்னும் சாப்பிடவில்லை

சொதி இன்றைக்கும் சாப்பிடவில்லை. சொதி என்பது பாம்பு. தேங்காய்ப்பால் சொதியின் பெயரைப் பாம்புக்கு வைக்கிற பிள்ளையைப் பெற்றுவிட்டு இனி யாரைக் குறை சொல்ல. மற்றப் பாம்பின் பெயர் இடியப்பம். அது சுருண்டு கிடக்கிற கிடையைப் பார்த்தால் அந்தப் பெயரிலாவது ஒரு நியாயம் இருக்கிறது என்று குணரத்தினம் நினைத்தார். நினைத்த உடனேயே வயிறு ஒருதரம் இரைந்தது. கந்தசட்டியின் கடைசி நாள், காலையிலிருந்து தண்ணீரைத் தவிர ஒன்றும் உள்ளே போகவில்லை, இந்த நேரத்தில் இடியப்பம் சொதி என்று நினைக்கிற நினைப்பா இது. பேஸ்மென்டில், கண்ணாடித் தொட்டிக்கு முன்னால், மகள் சின்ன வயதில் ஏறி நின்று பல்லுத் தீட்டிய பிளாஸ்டிக் முக்காலியில், முழங்கால் இரண்டும் நெஞ்சை முட்டக் குந்தியிருந்தார். கையில் ஒரு நீள இடுக்கி. இடுக்கியின் நுனியில் ட்ரவுட் மீனின் ஒரு துண்டு, சுண்டுவிரலில் பாதி, முள்ளெடுத்து, மூன்று தண்ணீரில் அலசி, உப்பும் மஞ்சளும் போட்டுத் தேசிக்காய்ப் புளி பிழிந்து பிரட்டி, திரும்பவும் அலசியது. இந்த மாதிரி ஒரு துண்டு இந்த ஸ்காபரோவில் எந்தக் கடையில் கிடைக்கும். அதைக் கொண்டுபோய் மூக்குக்கு முன்னால் பிடித்தால் இந்தச் சீமாட்டி நாக்கை ஒருதரம் நீட்டுகிறாள், இழுக்கிறாள், தலையைத் திருப்பிக்கொண்டு சிரட்டைக்குள் போய்விடுகிறாள். கவிழ்த்து வைத்த தேங்காய்ச் சிரட்டை, ஒளிந்திருக்க அதுதான் வீடாம். இடியப்பம் அப்படியில்லை, அது கல்லைப் போட்டாலும் விழுங்கும், அதுவும் இப்போது வேண்டாவெறுப்பாகத்தான் விழுங்குகிறது. சொதி விழுங்குவதேயில்லை. மகள் வெளிக்கிட்டுப் போன நாளிலிருந்து இல்லை. தின்னன், சனியனே, தின்னன் என்று அவர் வாய்க்குள் சொன்னார், விரத நாளில் சனியன் என்று சொன்னதற்காகக் கொஞ்சம் வெட்கப்பட்டார், பிறகு அந்த வெட்கத்துக்காகவும் எரிச்சல்பட்டார்.

பெரிய பாம்புகளும் இல்லை இவை. கார்ட்டர் பாம்பு என்கிறார்கள், இந்த ஊர் வெள்ளைக்காரர்களின் வீட்டு வளவுகளில் வெயிலுக்கு வந்து கிடக்கிற சாதி. பென்சிலை விடக் கொஞ்சம் மொத்தம், முதுகில் நீளத்துக்கு ஒரு மஞ்சள் கோடு, மனிதரைக் கொல்கிற விஷமெல்லாம் கிடையாது, மண்புழுவும் மீனும் தின்னும். இவை வளவில் பிடித்தவை அல்ல, கண்ணாடித் தொட்டியிலேயே பிறந்தவை என்று மகள் தர்சிகா சொன்னாள். போன மாரியில் அவள் புருஷன் வீட்டை விட்டு இரண்டு சூட்கேசோடு வந்து பேஸ்மென்டில் இறங்கினாள். பனி கரைகிற காலத்தில் ஒரு நாள் இந்தத் தொட்டியைக் காரிலிருந்து தனியே தூக்கிக்கொண்டு வந்தாள். பிடிக்கட்டோ பிள்ளை என்று அவர் கேட்டார். வேண்டாமப்பா, பாரமில்லை என்றாள். பாரமில்லையாம், கண்ணாடித் தொட்டி. அப்படித்தான் எல்லாவற்றுக்கும். தேத்தண்ணி போடட்டோ, வேண்டாம். கார் வேணுமோ, வேண்டாம். மேலே வந்து எங்களோடை சாப்பிடன், பிறகு வாறன். அந்தப் பிறகு வருவதில்லை. கீழேயே ஒரு சின்ன மின்சார அடுப்பில் என்னத்தையோ அவித்துச் சாப்பிட்டாள். ஆட்கள் கேட்டால் பிள்ளை மேலே படிக்கிறாள், அதுதான் எங்களோடை நிக்கிறாள் என்று அவரும் மனைவி தவமலரும் ஒரே மாதிரிச் சொல்லப் பழகியிருந்தார்கள். அப்படியிருந்த பிள்ளை ஒரு நாள் படியேறி மேலே வந்து, குசினி வாசலில் நின்று, அப்பா, புது வேலைக்குப் பயிற்சி, தண்டர் பே போகவேணும், நான் வருமட்டும் இதுகளைப் பாக்க ஏலுமோ எண்டு கேட்டது. கேட்டது. அவர் அந்தக் கேள்வியை இப்பவும் எடுத்து எடுத்துப் பார்க்கிறார். திரும்பி வந்த பிறகு அவள் அவரிடம் கேட்டது இது ஒன்றுதான். இதிலேயும் அவர் பிழைவிட்டால், இந்தக் கோதாரி செத்துக்கித்துத் தொலைத்தால், அவள் ஒன்றும் பேசமாட்டாள், அழவும் மாட்டாள், பரவாயில்லையப்பா என்பாள், அதன் பிறகு சாகும்வரை அவரிடம் ஒரு தண்ணீர்ப் போத்தலைக்கூட எடுத்துத் தாங்கோ என்று கேட்கமாட்டாள். அது அவருக்கு நல்லாகத் தெரியும். தெரிந்தபடியால்தான் விரத நாளிலும் இடுக்கியும் கையுமாக இங்கே குந்தியிருக்கிறார்.

அவள் சொல்லிவிட்டுத்தான் போனாள். மீனை அப்பிடியே வெட்டிப் போடுங்கோ அப்பா, வேறை ஒண்டும் செய்யாதேங்கோ, பாவம் நீங்கள், கரைச்சல்படாதேங்கோ. கரைச்சல் இல்லைப் பிள்ளை, என்ன கரைச்சல். அவள் குளிர்ப்பெட்டிக்குள் உறையவைத்து விட்டுப்போன மீனை எடுத்துப் பார்த்தார். மேலெல்லாம் ஐஸ் பூத்து, மீனா மெழுகுதிரியா என்று தெரியாமல் கிடந்தது. அதைக் குப்பையில் போட்டுவிட்டுக் கடைக்குப் போய்க் கண் தெளிவாக இருக்கிற மீனாகப் பார்த்து வாங்கிவந்தார். அப்பிடியே வெட்டிப் போடச் சொன்னாள். சின்னப் பிள்ளைகளின் கதை. அப்பிடியே எண்டால் என்ன, மீனை யாராவது அப்பிடியே ஒரு உயிருக்குக் கொடுப்பார்களா, பகையாளி வீட்டுப் பூனைக்குக்கூட ஒருக்கா அலசித்தானே போடுவோம். இந்த வீட்டில் கல்யாணம் செய்த நாளிலிருந்து மீன் வெட்டிக் கழுவுகிறது அவருடைய வேலை. குணத்தார் கழுவின மீன் கையிலை மணக்காது என்று விருந்துக்கு வந்தவர்கள் விரலை முகர்ந்து பார்த்துச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதோடு கந்தசட்டி விரதம் வேறு வந்து சேர்ந்தது. "இஞ்சருங்கோ," என்று இப்போது படியின் உச்சியிலிருந்து தவமலரின் குரல். பாம்பு வந்த நாளிலிருந்து அவள் படியில் கால் வைத்தது கிடையாது, என்ன கதையென்றாலும் உச்சியில் நின்றுதான். "உங்கை என்ன செய்யிறியள் இவ்வளவு நேரமா?" "சாப்பாடு குடுக்கிறன்." "இண்டைக்குச் சூரன்போர். இண்டைக்குமோ?" "அதுக்கு விரதம் தெரியுமோ?" "உங்களுக்குத் தெரியுமெல்லே. மீன் வெடுக்கு மேலை வரக்கூடாது, சொல்லிப்போட்டன். சாமியறை நேரை மேலை கிடக்கு, ஹீட்டர் போட்டால் எல்லாம் குழாயாலை வந்திடும்." "வராது. மூண்டு தண்ணியிலை கழுவினனான். மஞ்சள், தேசிக்காய் எல்லாம் போட்டனான். நீர் போய் வெளிக்கிடும்." "நீங்களும் தோய்ஞ்சு வெளிக்கிடுங்கோ. கையை நல்லாக் கழுவிப்போட்டு." கதவு சாத்தியது. சட்டி தொடங்கின அன்றே போட்ட ஒப்பந்தம் இது: மீன் வாசற்படிக்கு உள்ளே வரலாம், பேஸ்மென்டில் உடுப்புத் தோய்க்கிற தொட்டியில்தான் வெட்டவேணும், மணம் மட்டும் மேலே வரக்கூடாது. மீனை மணமில்லாமல் ஆக்குகிற ஒருவர் அந்த வீட்டில் இருந்தபடியால் ஒப்பந்தம் இதுவரைக்கும் ஒரு பிசகில்லாமல் நடந்துகொண்டிருந்தது.

பசிச்சால் தின்னும். முதல் நாளிலிருந்து அவர் தனக்குச் சொல்லிக்கொண்டு வருவது இதுதான். இடம் பழகவில்லை, கை பழகவில்லை, வயிறு காய்ந்தால் தன்பாட்டில் வந்து தின்னும், பசிக்கிற உயிர் எத்தனை நாளைக்கு வீம்பு காட்டும். பசிச்சால் தின்னும். இதைச் சொல்கிறபோதெல்லாம் ஒரு இடத்தில் தட்டுகிறது, சட்டையின் நூல் ஆணியில் மாட்டுகிற மாதிரி, இழுத்தால் வரவும் மாட்டேன் என்கிறது விட்டால் போகவும் மாட்டேன் என்கிறது. எங்கேயோ சொன்ன சொல். எங்கே. சாமான் கடையின் கார் தரிப்பிடம், மழைத்தூறல், கையில் அரிசி மூட்டை, கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் போனை இறுக்கிக்கொண்டு. அப்பா, எனக்கு இஞ்சை சாப்பாடு இறங்குதில்லை. அவளுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாள்தான். என்ன சமைக்கினம் என்று கேட்டார். நல்லாத்தான் சமைக்கினம், எனக்குத்தான் இறங்குதில்லை. புது வீடு, புதுக் கை, அப்பிடித்தான் பிள்ளை, கொஞ்சம் பொறுத்துப் போ, பசிச்சால் சாப்பிடுவாய். அரிசி மூட்டை நழுவுகிறது, பேந்து கதைக்கிறன் என்று போனை வைத்தார். இதில் என்ன பிழை. எல்லாத் தகப்பனும் சொல்கிறதுதானே. பிறகு அவள் அந்தக் கதையை எடுக்கவேயில்லை. பின்னேரங்களில் அவர் போன் எடுப்பார். சாப்பிட்டியோ பிள்ளை? ஓமப்பா. அவ்வளவுதான் கதை, அரை மூச்சு, உடனே அம்மாட்டைக் குடுக்கிறன் என்று போன் கைமாறிவிடும், அவர் போய் டிவியில் செய்தி பார்ப்பார். ஓம் என்றால் ஓம்தானே. ஓம் என்று சொல்கிற பிள்ளையை நிறுத்தி வைத்து, வாயைத் திற பாப்பம் என்றா கேட்பது. சரி, அது வேறை கதை, முடிந்த கதை, இப்போது பாம்பு. பாம்பைப் பற்றி யோசி. பின்னேரங்களில் தர்சிகா வாட்ஸ்அப்பில் கேட்கிறாள், அவை சாப்பிட்டினமோ? அவர் ஓம் என்று அனுப்புகிறார். பக்கத்தில் ஒரு கும்பிடுகிற கையும் போடுகிறார். அவளுக்கு அங்கே ஆயிரம் வேலை, ஏன் அவளைக் கரைச்சல்படுத்துவான். நாளைக்குத் தின்றுவிடும், அப்போது இன்றைய ஓமும் சரியாகிவிடும் என்ற கணக்கு. நாளைக்கு, நாளைக்கு என்று அந்தக் கணக்கு நீண்டு இன்றைக்கு வந்து நிற்கிறது. இன்றைக்கு அவள் எழுதமாட்டாள், பயிற்சி முடிந்ததும் போன் எடுத்துக் கதைப்பாள். வாயால் சொல்லவேணும்.

அவர் இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு, தொட்டியின் வலை மூடியைத் தூக்கி, சிரட்டையை மெதுவாக நகர்த்திப் பார்த்தார். சொதி மூலையில் கிடந்தது. பக்கவாட்டில் தோல் ஒரு மடிப்பு விழுந்திருக்கிறது, முந்தி அது இல்லை. முதுகெலும்பு ஒரு கோடாகத் தெரிகிறது. முந்தியும் தெரிந்ததோ? முந்திப் பார்க்கவில்லையே, பார்த்திருந்தால் தெரியும். இப்படித்தான், மெலிகிற உயிரை அன்றாடம் பார்க்கிறவனுக்கு மெலிவது தெரியாது, ஒரு நாள் திடீரென்று தெரியும். ஒரு கல்யாண வீட்டில் பந்திக்கு இருக்கும்போது எதிர்ப்பக்கம், அப்போது புருஷன் வீட்டிலிருந்த தர்சிகா கையை நீட்டினாள், காப்பு முழங்கை வரைக்கும் வழுகிப்போய் நின்றது. சீ, பாம்பைப் பார்க்க வந்த இடத்தில் என்ன இது. விளக்கைத் தொட்டுப் பார்த்தார், சூடு சரி. ஒரு பக்கம் சூடு, ஒரு பக்கம் குளிர்ச்சி, நடுவில் தண்ணீர்க் கிண்ணம். காலையில்தான் தண்ணீர் மாற்றினார். கடதாசியும் மாற்றினார். தொட்டியின் அடியில் விரிக்கிறது இலவசத் தமிழ்ப் பேப்பர். அதிலும் ஒரு கரைச்சல்: சாமிப்படம் உள்ள பக்கத்தைப் பாம்புக்குக் கீழே விரித்தால் தவமலர் கொலைவெறியாகிவிடுவாள், மரண அறிவித்தல் பக்கத்தை விரிக்க அவருக்கே மனம் வராது, தெரிந்த முகங்கள். மிஞ்சுகிறது வீடு விற்கிற விளம்பரம். இப்போது கோட் சூட் போட்ட ஒரு வீட்டுத் தரகர் எல்லாப் பல்லையும் காட்டிச் சிரித்துக்கொண்டிருக்க, அவருடைய கழுத்தின் மேல் சொதி கிடந்தது. உங்கள் கனவு இல்லம் எங்கள் பொறுப்பு. குணரத்தினத்துக்கு அந்த மனிசனின் சிரிப்பைப் பார்க்க ஆத்திரம் வந்தது. உனக்கென்ன, சிரி. மூடியை வைத்து நாலு பக்கமும் கொழுவி போட்டார், ஒருதரம் பார்த்தார், திரும்பவும் பார்த்தார். இந்தச் சாதி விரல் போகாத இடைவெளியாலும் போய்விடுமாம். போனால் எங்கே போகும், ஹீட்டர் குழாய்க்குள் போய் நேரே சாமியறையில் எழும்பும், தவமலர் அதைக் கண்டால் முதலில் கும்பிடுவாளா, அலறுவாளா. அவருக்கு ஒரு கணம் சிரிப்பு வந்தது. வெளியில் போனால் குளிரில் விறைத்துவிடும், ஒரு இரவு போதும். இது வெளியில் போகவும் போகாது, உள்ளே இருந்து தின்னவும் தின்னாது, இதை வைத்துக்கொண்டு மனிசன் என்னதான் செய்கிறது.

தர்சிகாவின் புருஷன் வீட்டுக்காரர் சுத்த சைவம். அதுதான் பெரிய எடுப்பு, நாலு தலைமுறையாக மச்சம் தொட்டதில்லை என்று முதல் சந்திப்பிலேயே பெடியனின் தாய்க்காரி சொன்னா. சொல்லிவிட்டு, உங்கடை பிள்ளை எப்பிடி என்று கேட்டா. பிள்ளை மச்சம் தொடாது என்று குணரத்தினம் சொன்னார். அவர்தான் சொன்னார், வேறு ஒருவரும் இல்லை. ஒரு சின்னக் கதை, நல்ல இடம், நல்ல குடும்பம், பெடியன் நல்ல வேலை, கல்யாணக் கதை நடக்கிறபோது எல்லாரும் கொஞ்சம் துடைத்து மினுக்கித்தானே காட்டுகிறது, ஆர் செய்யாதது. மீன் தலையைக் கையில் எடுத்து உறிஞ்சுகிற பிள்ளை, மீன் வெட்டுகிற நேரம் பக்கத்தில் நின்று, அப்பா, வயித்துப்பக்கம் எனக்கு என்று முதலே சொல்லிவைக்கிற பிள்ளை. காரில் திரும்பி வரும்போது அவள் கேட்டாள், ஏனப்பா அப்பிடிச் சொன்னனீங்கள்? பிறகு பழகும் என்றார். இஞ்சை, தாய் வீட்டுக்கு, வந்து போகிற நாட்களில் அவள் பின்கதவால் போய், தலை முழுகிவிட்டுத்தான் அந்த வீட்டுக் குசினிக்குள் காலெடுத்து வைக்கவேணுமாம், மஞ்சள் தேய்த்து முழுகச் சொல்லி அந்தத் தாய்க்காரி சவர்க்காரத்துக்குப் பக்கத்திலேயே ஒரு கிண்ணம் வைத்திருந்தாவாம், உன்னிலை மணக்குது பிள்ளை என்று சிரித்துக்கொண்டுதான் சொல்வாவாம். இதை அவள் அவருக்குச் சொல்லவில்லை, தாய்க்குச் சொன்னாள், அவர் படியில் நின்று கேட்டார். கேட்டுவிட்டு இறங்கிப் போகவுமில்லை, ஏறி வரவுமில்லை. சரி விடு. எத்தனை பேருக்கு மாமி இதைவிட மோசம். சாப்பாடு இல்லாத வீடா, மேசை நிறையச் சாப்பாடு, அவரே இருந்து சாப்பிட்டிருக்கிறார், பருப்பும் பாயசமும், ஒரு குறை சொல்ல ஏலாது. அவ்வளவு சுத்தமான சாப்பாடு இருந்தும் இறங்கவில்லை என்றால் அதற்கு அவர் என்ன செய்ய. திரும்ப ஒரு துண்டை இடுக்கியில் எடுத்து மூடியைத் திறந்து நீட்டினார். நாக்கு வந்தது. போனது. தலை திரும்பியது. "என்ன குறை உனக்கு," என்று அவர் உரத்துக் கேட்டார், "சொல்லு, என்ன குறை." இடியப்பம் தண்ணீர்க் கிண்ணத்துக்குள் இருந்து தலையை மட்டும் நீட்டி அவரைப் பார்த்தது.

சரி, போதும். கோயிலுக்கு வெளிக்கிடவேணும். கழிவுகளை முதலில் வெளியே போட்டுவிட்டுத் தோய்வோம் என்று எழும்பினார். மீன் தலை, குடல், செவுள், கழுவ முதலே வெட்டி எறிந்த வயிற்றுச் சவ்வு, இரத்தம் துடைத்த கடதாசி எல்லாவற்றையும் ஒரு கடைப் பையில் போட்டு இரண்டு முடிச்சுப் போட்டு வைத்திருந்தார். மூடியைக் கொழுவப் பை இடைஞ்சலாக இருந்தது, ஒரு நொடி அதைத் தொட்டியின் விளிம்பில் வைத்தார். பையின் அடியில் எங்கோ ஓட்டை. ஒரு சொட்டு உள்ளே விழுந்தது, தரகரின் நெற்றியில். கோதாரி, இனிக் கடதாசியும் மாற்றவேணும் என்று குனிந்தவர் அப்படியே நின்றார். சொதி சிரட்டைக்கு வெளியே வந்திருந்தது. தலையை இவ்வளவு உயரத்துக்குத் தூக்கி, நாக்கை நீட்டி நீட்டி, அந்தப் பையைப் பார்த்தது. அவர் பையை இடது பக்கம் நகர்த்தினார், தலை இடது பக்கம் வந்தது. வலது பக்கம் நகர்த்தினார், அங்கும் வந்தது, உடம்பு முழுக்க விறைத்துக்கொண்டு, கண்ணாடியில் ஏறி, விழுந்து, திரும்ப ஏறி. மற்றக் கையால் கழுவிய துண்டை நீட்டினார். திரும்பிக்கொண்டது. பையை நீட்டினார். வந்தது. துண்டு. இல்லை. பை. ஓம். அவர் அந்தத் துண்டைத் தன் மூக்குக்குக் கொண்டுபோய் முகர்ந்தார். தேசிக்காய். மஞ்சள். மீன் எங்கே. மீன் இல்லை. அதுக்குக் கண்ணா முக்கியம், நாக்கால் முகர்ந்து பார்த்துத் தின்கிற சாதி, அதுக்கு முன்னால் போய் நாள்தோறும் மீனைப் போல ஒரு சாமானைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அப்பிடியே வெட்டிப் போடுங்கோ அப்பா. வேறை ஒண்டும் செய்யாதேங்கோ. சொன்னாளே, அவ்வளவு தெளிவாகச் சொன்னாளே. வீம்பு என்றல்லவா நினைத்தார். பசிச்சால் தின்னும் என்றல்லவா நினைத்தார். விசரன், முழு விசரன், வயது போனதுதான் மிச்சம்.

முடிச்சு அவிழவில்லை, பல்லால் கடித்துக் கிழித்தார். மணம் முகத்தில் வந்து மோதியது, இரத்தமும் குளத்துச் சேறும் இரும்பும் கலந்த மணம், பசித்த வாயில் எச்சில் ஊறியது. நேரே மேலே சாமியறை, சுவரில் ஹீட்டர் குழாய் ஊதிக்கொண்டிருந்தது, எல்லாம் தெரிந்துதான் கையை உள்ளே விட்டார். வயிற்றுச் சவ்வில் ஒரு நீளத் துண்டு, வழுவழுவென்று, கழுவாதது. இடுக்கியிலும் தேசிக்காய் மணக்கும் என்று விரலாலேயே பிடித்து நீட்டினார், நீட்டி முடியவில்லை, சொதி வந்து வாங்கிவிட்டது. வாங்கினது அல்ல, பறித்தது. அவருடைய விரலின் ஓரத்தையும் சேர்த்துக் கவ்வி, ஒரு சின்னக் குத்து, விட்டு, துண்டை மட்டும் இழுத்துக்கொண்டு தரகரின் முகத்துக்கு மேலால் பின்னுக்குப் போனது. ஒரு பக்கத் தாடை முன்னுக்கு வந்தது, பிறகு மற்றப் பக்கத் தாடை, பிறகு முதல் பக்கம், துண்டு கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது, கழுத்தடியில் ஒரு புடைப்பு எழும்பிக் கீழே இறங்கியது. அடுத்த துண்டு. அதுவும் போனது. குணரத்தினத்துக்குச் சந்தோஷம் வந்திருக்கவேணும். வரவில்லை. எரிச்சல்தான் வந்தது, இவ்வளவு லேசான ஒரு காரியத்தை இவ்வளவு கஷ்டப்பட்டுக் கெடுத்திருக்கிறோமே என்ற எரிச்சல், அதற்குக் கீழே வேறொன்றும் வந்தது, அதற்கு அவர் பெயர் வைக்க விரும்பவில்லை. விரல் நுனியில் ஊசி குத்தினதுபோல இரண்டு சிவப்புப் புள்ளி. "இஞ்சருங்கோ, என்ன இது வெடுக்கு," என்று உச்சியிலிருந்து குரல் வந்தது. "சாமியறை முழுக்க நாறுது. என்ன செய்யிறியள் அங்கை?" "மீன்," என்றார். "மீன் தெரியுது. கழுவேல்லையோ?" "இல்லை." அவர் கழுவவில்லை என்று சொன்னதை அவள் இந்த வீட்டில் முதன்முதலாகக் கேட்கிறாள். "சரி, நான் சாம்பிராணி போடுறன்," என்றாள் கடைசியில், கோபமா அலுப்பா என்று கண்டுபிடிக்க முடியாத குரலில், கதவைச் சாத்தாமலே போனாள்.

போன் அடித்தது. இரண்டு கையும் இரத்தமும் சளியுமாக இருந்தது, கழுவிவிட்டு எடுப்போமா என்று ஒரு கணம் நினைத்து, கழுவாமலே எடுத்தார். "அப்பா," என்றாள் தர்சிகா, பின்னால் ஏதோ வாகனத்தின் சத்தம், காற்று. "இப்பதான் முடிஞ்சுது. சரியான குளிர் இஞ்சை. அவை சாப்பிட்டினமோ?" "ஓம்," என்றார். சொல்லிவிட்டு அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றார். இது உண்மையான ஓம். கண்ணுக்கு முன்னால் சொதி கழுத்துப் புடைத்துக் கிடக்கிறது, ஒரு பொய்யும் இல்லை. ஆனால் முந்தி அவர் அனுப்பிய ஓமெல்லாவற்றையும் எடுத்து இதன் பக்கத்தில் வைத்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது, அதே அளவு, அதே நிறம். அவளுக்கும் தெரிந்திருக்காது. கேட்கிறவனுக்கு எப்படித் தெரியும், கேட்கிறவன் வேறு ஏதாவது கேட்டாலொழிய. "சொதியுமோ?" "சொதியும்தான். இண்டைக்குத்தான் சாப்பிட்டது பிள்ளை. நீ போன பிறகு இண்டைக்குத்தான். நான் மற்ற நாளெல்லாம் ஓமெண்டு சும்மா சொன்னனான்." போனை மற்றக் காதுக்கு மாற்றினார். "நான் மஞ்சள் போட்டுக் கழுவிப்போட்டன்," என்றார். "தேசிக்காயும் போட்டனான்." அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேட்டது, சிரிப்பாகத்தான் இருக்கவேணும், மூக்கால் வந்த சின்னச் சிரிப்பு. "பாம்புக்கு மஞ்சளோ அப்பா?" "ஓம்." "பரவாயில்லை, இப்ப சாப்பிட்டிட்டுதுதானே." இதோடு போனை வைத்துவிடலாம், அம்மா கோயிலுக்கு வெளிக்கிடுறா என்று சொல்லிவிடலாம். அவர் முக்காலியில் உட்கார்ந்தார். "பிள்ளை, அங்கை இருக்கேக்கை, நான் கேக்கிற நேரமெல்லாம் சாப்பிட்டன் சாப்பிட்டன் எண்டு சொன்னனியெல்லே." "எங்கை?" "மாமியவையின்ரை வீட்டிலை." வாகனச் சத்தம் தூரப் போனது, காற்று மட்டும் கேட்டது. "ஓம், சொன்னனான்," என்றாள். "சாப்பிட்டனியோ?" "இல்லையப்பா." அதைச் சொல்ல அவளுக்கு ஒரு கஷ்டமும் இருந்த மாதிரித் தெரியவில்லை, நாள் கிழமை சொல்கிற மாதிரிச் சொன்னாள். பிறகு அவள் கேட்டாள், "நீங்கள் அதை நம்பினனீங்களோ?" ஓம் என்ற சொல் தன்பாட்டில் எழும்பி அவருடைய வாய்க்குள் வந்து நின்றது, லேசான சொல், அரை மூச்சுப் போதும். முழங்கைக்கு வழுகிப்போன காப்பு. படியில் நின்ற அவருடைய இரண்டு கால்கள். மேலே தவமலர் கார்த் திறப்பை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். "இல்லைப் பிள்ளை," என்றார் குணரத்தினம். அவள் போனை வைக்கவில்லை.